மூணு மில், மூணு யுஏஎன், பென்ஷன் மட்டும் இல்லை

சேலத்தில் கூலிவேலை ஒரே இடத்தில் நிலைப்பதில்லை. மரவள்ளி வரத்து இருக்கும் மாதங்களில் ஜவ்வரிசி ஆலை, அது ஓய்ந்தால் நூல்மில். ஏற்காட்டுக்காரர் என்றால் காபிப் பழம் பறித்து முடிந்ததும் மலையிறங்கி ஏதாவது ஒரு கம்பெனி. ஒவ்வொரு இடத்தை விட்டு விலகும்போதும் பி.எஃப். கணக்கை முடித்துப் பணத்தை வாங்கிவிடுகிறார்கள். அதில் என்ன போயிற்று என்பது 58 வயதில்தான் தெரிகிறது.

12,000 ரூபாய் சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம், 1,440 ரூபாய். முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். ஆனால் அவர் பங்கில் 8.33 சதவீதம், சுமார் 1,000 ரூபாய், பென்ஷனுக்குப் போய்விடும்; மீதி 440தான் பி.எஃப்.பில் சேரும். படிவம் 19 பி.எஃப்.பை முடிக்கும், 10சி பென்ஷனை முடிக்கும். பிரவுசிங் சென்டரில் கேட்காமலே இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். 10சி-யில் பணம் எடுத்தால் அதுவரை பார்த்த சர்வீஸ் கழிந்தது. கைக்கு வருவது, வேலை பார்த்த வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.

எடுக்காமல் விட்டிருந்தால்? கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 12,000 ரூபாய்க்கு 10 வருடம் என்றால் மாதம் 1,714. சின்னத் தொகைதான். ஆனாலும் 10சி-யில் வந்திருக்கக்கூடிய பணம் ஆறு வருடப் பென்ஷனிலேயே திரும்பிவிடும். அதற்குமேல் ஆயுள் முழுக்க, அவருக்குப் பின் மனைவிக்கோ கணவருக்கோ. நடுவில் இடைவெளி விழுந்தாலும் சர்வீஸைக் கூட்டிக்கொள்வார்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும்; ஒன்பதரை வருடமே பத்தாகிவிடும். எட்டாவது வருடத்தில் 10சி போடுவது, கதிர் முற்றும் நேரத்தில் மாட்டை வயலில் விடுவது போல. வைத்தியத்துக்கோ கல்யாணத்துக்கோ பணம் வேண்டுமா, படிவம் 31-ல் அட்வான்ஸ் வாங்குங்கள். பென்ஷன் அப்படியே இருக்கும்.

புது இடத்தில் சேரும்போது பழைய யுஏஎன்-ஐ, அதாவது உங்கள் பி.எஃப்.புக்கான 12 இலக்க எண்ணை, படிவம் 11-ல் எழுதிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் புது எண் முளைக்கும், சர்வீஸ் சிதறிப்போகும். இன்னொரு சிக்கல் நம் இனிஷியல். ஆதாரில் ‘லட்சுமி மு’, மில் பதிவில் ‘எம். லக்ஷ்மி’, வங்கியில் ‘லட்சுமி முருகேசன்’ என்றிருந்தால் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். முதலில் ஆதாரைச் சரிசெய்து, மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். 1.10.2017-க்குப் பிறகு ஆதாரோடு பெற்ற யுஏஎன் என்றால், நிறுவன ஒப்புதல் இல்லாமலே ஆன்லைனில் திருத்தலாம். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். நாமினியையும் அப்போதே சேர்த்துவிடுங்கள்; ஒரு மாதச் சந்தா கட்டியவர் வேலையில் இருக்கும்போதே இறந்தாலும் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு.

காண்டிராக்டர் பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்றால் பொறுப்பு அவரை வைத்த நிறுவனத்துக்கும் உண்டு. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் பெரும்பாலும் 20 பேர் இருக்கமாட்டார்கள், பி.எஃப். வராது. அவர்களுக்குப் பொற்கொல்லர் நல வாரியப் பதிவுதான் வழி.

பதிவான எண்ணிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். மாதாமாதம் பிடித்தும் அதில் ஏறவில்லையா, ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். அலுவலகம் நடத்தும் ‘நிதி ஆப்கே நிகட்’ முகாமுக்குப் போங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், சம்பளச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். சீட்டே தராத இடமென்றால், பெயரும் தேதியும் எழுதிய வாரச் சம்பளக் கவர்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள்.