பங்கும் இல்லை, பாத்திரமும் இல்லை

கும்பகோணத்தில் அக்காள் மகன் கைப்பேசியில் விளையாட்டு தேடிக்கொண்டிருந்தான். தமிழுக்கு மாற்றிவைத்த பட்டியலில் ‘பங்கு வகிக்கும் விளையாட்டுகள்’ என்று ஒரு தலைப்பு. எட்டிப் பார்த்த என் அப்பா, “இந்த வயதில் பங்குச் சந்தையா?” என்று அதட்டினார். அவர் மேல் தப்பில்லை. ஆர்.பி.ஜி., அதாவது ‘ரோல் பிளேயிங் கேம்’ என்று பையன்கள் சொல்லும் வகைக்குத்தான் இந்தப் பெயர். எத்தனையாவது முறை பார்க்கிறேனோ, இனிப் பொறுப்பதற்கில்லை.

‘ரோல்’ பிரெஞ்சு வழி வந்தது. நடிகனின் வசனம் எழுதிய காகிதச் சுருளைக் குறித்து, பிறகு அவன் ஏற்கும் வேடத்துக்கு ஆகிவந்தது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டிலிருந்து இந்த வகை கணினிக்குப் போனது. வரலாறு இவ்வளவு போதும்.

தஞ்சைப் பக்கம் பங்கு என்றால் நிலம். மிராசு காலத்தில் பல ஊர்களின் நிலத்தைப் பங்குகளாகத்தான் எண்ணினார்கள். பங்கு இருந்தால் பங்காளி, பங்காளி இருந்தால் வழக்கு. போராட்டத்தில் பங்கெடுக்கலாம், விழாவில் பங்கு வகிக்கலாம். மந்திரவாதியாகிக் குகைக்குள் புகுந்து பூதத்தை அடிப்பவன் எதில் பங்கு வகிக்கிறான்? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

‘பாத்திர விளையாட்டு’ என்பது இன்னொரு கட்சி. வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. ஆனால் கும்பகோணத்தில் நின்றுகொண்டு பாத்திரம் என்றால் பித்தளைக் கடைதான் நினைவுக்கு வரும். பாத்திரம் வைத்து விளையாடுவதற்குச் சொப்பு விளையாட்டு என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ‘கதாபாத்திரம்’ என்று நீட்டினால் தீரும் என்பார்கள். தீராது. மாரியோவும் கதாபாத்திரம்தான், தொழில் பிளம்பர். அவரை ஓடவிட்டுக் குதிக்கவைக்கும் ஆட்டம் இந்த வகையில் சேராதே!

மாரியோ பள்ளத்தைத் தாண்டுவது ஆடுகிறவனின் விரல் வேகத்தால். ஆர்.பி.ஜி.யிலோ பெரும்பாலும் வேடத்தின் வலிமைதான் வெல்கிறது. அதன் பலம், அறிவு, உயிர் எல்லாம் எண்கள். சண்டையில் அனுபவப் புள்ளி சேரும், நிலை உயரும், வாளும் கவசமும் மாறும். 1986இல் ஜப்பானில் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’டை ஆடியவர்கள் ஸ்லைம் என்னும் கூழ் உருண்டைகளை அடித்து அடித்தே தேறினார்கள். கதை எந்த ஆட்டத்திலும் இருக்கலாம். இந்த வளர்ச்சியை இப்போது மற்ற வகைகளும் கடன் வாங்குகின்றன என்றாலும், பிறந்த வீடு இதுதான்.

நான் சொல்வது ‘வேடம் கட்டும் ஆட்டம்’. தஞ்சைப் பக்கத்து மெலட்டூரின் பாகவத மேளா நாடகத்தில் ஆண்களே பெண் வேடம் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் ஆட்டம் முடியும்வரை அந்த ஆள்தான். ‘ஆட்டம்’ என்றதில் சீட்டாட்டமும் வரும், கரகாட்டமும் வரும். விளையாட்டுக்கும் கூத்துக்கும் ஒரே சொல் வாய்த்திருக்கும்போது வேறு எதற்கு? வேடமும் வேஷம்தானே, வடசொல்தானே என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். இருக்கட்டும், கேட்டவுடன் புரிகிறது. வளர்ச்சி அந்தப் பெயரில் இல்லையே என்றார். ஆங்கிலப் பெயரிலும்தான் இல்லை.

மொழிபெயர்த்தவர் ஒரு நாளாவது அதை ஆடிப் பார்த்திருக்கலாம். அதே பட்டியலில் ‘செயல் விளையாட்டுகள்’ என்றும் ஒரு வகை. செயல் இல்லாத விளையாட்டு எது? புதிருக்கு மட்டும் புதிர் என்றே போட்டிருந்தார்கள். அது எப்படித் தப்பியதோ!