புலி மாட்டை அடித்தால் சட்டம் யார் பக்கம்?

விடிந்ததும் பட்டியைத் திறக்கப் போனால் கன்றைக் காணவில்லை. கயிறு அறுந்து கிடக்கிறது, தேயிலைச் செடிகளுக்குள் இழுத்துச் சென்ற தடம் தெரிகிறது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் கூட்டம் கூடுகிறது. அப்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "சுருக்குக் கம்பி வைக்க வேண்டியதுதான்." நஷ்டப்பட்டவர் குற்றவாளியாகத் தொடங்குவது அந்தப் பேச்சில்தான். கன்று போன வேதனையில் இருப்பவரிடம் சட்டம் பேசுவது இரக்கமில்லாத வேலை என்று தெரியும். ஆனாலும் கம்பி எடுப்பதற்கு முன் பேசியாக வேண்டும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுவோம். தோட்டங்களில் நாம் புலி என்று சொல்வது சிறுத்தையை. இலங்கைக் காடுகளில் வரிப்புலியும் இல்லை, ஓநாயும் இல்லை. நாய்க் குடும்பத்துக் காட்டு விலங்கு என்று இந்தத் தீவில் இருப்பது நரி மட்டுமே. அது கோழிக்குத்தான் எமன். மலையகத்தில் கன்றையும் ஆட்டையும் வாசலில் கட்டிய நாயையும் தூக்கிப் போகிற பெரிய விலங்கு சிறுத்தைதான். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கங்களில் அது எப்போதாவது வழி தவறி வந்துவிடும் விருந்தாளியும் அல்ல. தேயிலைக்கு நடுவே விட்டுவைத்த காட்டுத் துண்டுகளிலும் ஓடைக்கரைப் புதர்களிலும் குட்டி போட்டு வாழ்கிற நிரந்தரக் குடி. பன்றி, மான் இனங்கள், குரங்கு, முயல் என்று அதற்கு அங்கேயே இரை உண்டு. நம் ஆடு மாடுகளும் நாய்களும் அந்த இரைப் பட்டியலில் எளிதாகக் கிடைக்கும் பகுதி.

இந்த விலங்கைப் பற்றிப் பேசும் சட்டம் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது, 2009 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தம் பெரியது. இதை நடைமுறைப்படுத்துவது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். கடுமையாகப் பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் அட்டவணையில் சிறுத்தை இருக்கிறது. அதைக் கொல்வது, காயப்படுத்துவது, பிடிப்பது, அதன் தோலையோ பல்லையோ நகத்தையோ இறைச்சியையோ வைத்திருப்பது எல்லாமே குற்றம். செத்துக் கிடந்த சிறுத்தையிடமிருந்து ஒரு பல்லைக் கழற்றிக் குழந்தையின் கழுத்தில் கட்டினாலும் அதே சட்டம்தான்.

"சரணாலயத்துக்குள் இருக்கும்வரைதான் அது அரசாங்கத்துடையது, தோட்டத்துக்குள் வந்துவிட்டால் நம் பாடு" என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. இந்தப் பாதுகாப்பு இடத்தைப் பார்த்து வருவதில்லை, விலங்கோடு கூடவே நடந்து வருகிறது. சிவனொளிபாத மலைக் காட்டுக்குள் இருந்தாலும் சரி, நமது லயத்துக் கோடியில் நின்றாலும் சரி, அது அதே அட்டவணைச் சிறுத்தைதான்.

சுருக்குக் கம்பியின் கதை

மலையகத்தில் சிறுத்தையைக் குறிவைத்துக் கம்பி வைப்பவர்கள் குறைவு. பெரும்பாலான கம்பி காட்டுப் பன்றிக்கு. கிழங்கும் மரக்கறியும் போட்ட ஒரு துண்டு நிலத்தைப் பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போனால் யாருக்கும் ஆத்திரம் வரும். பழைய சைக்கிள் பிரேக் கம்பியோ மோட்டார் சைக்கிள் கிளச் கம்பியோ போதும், செலவே இல்லை. பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் இல்லை என்பதால் கம்பி வைப்பதிலும் தப்பில்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது.

கம்பிக்கு அட்டவணை வாசிக்கத் தெரியாது. பன்றி வரும் பாதையில்தான் பன்றியைத் தேடிச் சிறுத்தையும் வரும். 2020 மே 26 அன்று நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் கம்பியில் சிக்கியது ஒரு கருஞ்சிறுத்தை. இந்த நாட்டில் அப்படி ஒன்றைக் காண்பதே அபூர்வம். அதை உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள், மே 29 அன்று, இறந்துபோனது.

மீட்டபிறகும் ஏன் சாகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கம்பி பெரும்பாலும் கழுத்திலோ இடுப்பிலோ இறுகுகிறது. விலங்கு மணிக்கணக்கில் திமிறுகிறது. வெளியில் தோல் கிழிந்தது மட்டும் தெரியும். உள்ளே தசையும் உறுப்புகளும் நசுங்கியிருக்கும். ஆகவே சிக்கிய சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடிக் கைத்தொலைபேசியில் படம் எடுப்பது, கல்லெறிவது, தடியால் குத்திப் பார்ப்பது எல்லாம் அதன் சாவை விரைவுபடுத்தும் வேலைகள். நமக்கும் ஆபத்து, கம்பி அறுந்தால் அது ஓடும் திசையில் நாம்தான் நிற்போம். மயக்க ஊசி போடத் தெரிந்த வனஜீவராசிக் கால்நடை வைத்தியர் வரவேண்டும். மலையகத்துக்குப் பெரும்பாலும் ரந்தெனிகலையிலிருந்துதான் அந்தக் குழு வரும். வந்து சேர நேரம் பிடிக்கும். தகவல் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

"நான் பன்றிக்குத்தான் வைத்தேன்" என்ற பதில், சிறுத்தை செத்துக் கிடக்கிற இடத்தில் அதிக தூரம் போகாது. விசாரணை அந்தக் காணியில் பயிர் செய்பவரிடமிருந்துதான் தொடங்கும். அவர் கம்பியைத் தொட்டே இருக்கமாட்டார், பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருப்பான். அதெல்லாம் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சொல்ல வேண்டிய கதை. ஆகவே உங்கள் மரக்கறித் தோட்டத்தில் யாரோ வைத்த கம்பியைக் கண்டால் அதை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

புலி தின்று மீதி வைத்த மாட்டில் நஞ்சு தடவுவது இன்னும் மோசமான யோசனை. சிறுத்தை இரைக்குத் திரும்பி வரும் என்பது உண்மைதான். அதற்கு முன் லயத்து நாய்களும் பருந்துகளும் வந்துவிடும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி வேலி போடுவதும் சட்டவிரோதம். இந்த நாட்டில் அப்படிப்பட்ட வேலிகளில் விலங்குகளோடு மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

மாட்டுக்கு நட்டஈடு உண்டா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: சிறுத்தை அடித்த மாட்டுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் எண்ணித் தரும் ஏற்பாடு எதையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். காட்டு விலங்கு நட்டஈடு என்பது நமது நாட்டில் யானையைச் சுற்றி வளர்ந்த விஷயம். உயிரிழப்பு, காயம், உடைந்த வீடு என்று அதற்கு ஒரு பாதை இருக்கிறது. மலைத் தோட்டத்தில் ஒரு பசு போவது அந்தப் பாதையில் எங்கோ கடைசியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கிறது.

சுவிட்சர்லாந்தில் இருக்கும் உறவினர்கள் ஓநாய்ச் செய்திகளை அனுப்பும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். அங்கே ஓநாய் கொன்ற ஆட்டுக்கு மத்திய அரசு 80 சதவீதமும் மாகாண அரசு 20 சதவீதமும் ஈடு கொடுக்கின்றன. கொன்றது ஓநாய்தான் என்று வேட்டைக் காவலர் உறுதிசெய்ய வேண்டும். அப்படிக் கொடுத்தும் சண்டை ஓயவில்லை. 2023 டிசம்பர் முதல் முன்கூட்டியே ஓநாய்களைச் சுடவும் அங்கே அனுமதித்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் பேர்ன் உடன்படிக்கையும் 2024 டிசம்பரில் ஓநாயின் பாதுகாப்பை ஒரு படி இறக்க முடிவெடுத்தது. இதைக் காட்டி "அங்கே சுடலாம் என்றால் இங்கே ஏன் முடியாது" என்று கேட்பவர்களுக்கு: அங்கே சுடுவதும் அரசின் உத்தரவின் பேரில்தான், மாட்டுக்காரரின் கோபத்தின் பேரில் அல்ல. நமக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது துப்பாக்கி அல்ல, அந்த உறுதிசெய்யும் பழக்கம். பதிவில் இல்லாத மாடு, அரசாங்கத்தைப் பொறுத்தவரை சாகவே இல்லை.

ஆகவே ஒரு மாடோ ஆடோ போனால், சடலத்தை நகர்த்தாதீர்கள். இரையை இழுத்துப் போட்ட இடம், கால்தடம், கழுத்துக் காயம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்விக் கொல்லும். பின்னங்காலும் வாலும் அடிவயிறும் கண்டபடி கடிபட்டிருந்தால் கட்டாக்காலி நாய்களின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆடுகளை இழந்த பல வீடுகளில் பழி புலிமேல் போய்விடுகிறது, குற்றவாளி அடுத்த டிவிஷனில் வாலாட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் அரச கால்நடை வைத்தியரிடம் ஒரு கடிதம் பெறுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுப்பது உங்கள் உரிமை. புரியாத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு மாடு வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு நாள் கூலியை விட்டு இத்தனை படி ஏறுவது பாரம்தான். ஆனால் ஒரே தோட்டத்திலிருந்து ஐந்து பதிவுகள் இருந்தால் அது ஒரு பிரச்சினை என்று கோப்பில் நிற்கும். ஒன்றும் இல்லாவிட்டால் அது லயத்துப் பேச்சு.

கையில் காசாக எதிர்பார்க்கக்கூடிய வழி காப்புறுதி. விவசாய மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை கால்நடைகளுக்கும் காப்புறுதி தருகிறது. சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை அழுத்திக் கேளுங்கள்: காட்டு விலங்கு கொன்றால் பணம் வருமா? வரும் என்றால் அது எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நோயில் செத்த மாட்டுக்கு மட்டும் உதவும் காப்புறுதியை வாங்கிவிட்டுப் பிறகு புலம்புவதில் பயனில்லை.

கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போகட்டுமே

ஒவ்வொரு தோட்டத்திலும் கேட்கும் கோரிக்கை இது. கூண்டு வைக்கும் அதிகாரம் திணைக்களத்துக்கு மட்டுமே உண்டு, அவர்களும் எளிதில் வைப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று நாம் நினைக்கிறோம். முழுக்க அப்படி அல்ல. சிறுத்தைக்குத் தனக்கென்று எல்லை உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த இடம் காலியாகிறது. அந்தக் காலி இடத்துக்கு இன்னொன்று வருகிறது, அது இந்த மலையின் பாதைகளை அறியாத இளம் விலங்காகவும் இருக்கலாம். கொண்டுபோய் விட்டதோ அங்கே வேறொன்றின் எல்லைக்குள் விழுந்து அடிபடும், அல்லது பழைய இடத்தைத் தேடித் திரும்பும்.

மாறாகப் பட்டியைத் திருத்தினால் பலன் உடனே தெரியும். கன்றுகளும் ஆடுகளும் இரவில் மூடிய இடத்தில் இருக்க வேண்டும். சுவர் மட்டும் போதாது, கூரையும் வேண்டும். சிறுத்தைக்கு ஏறுவது விளையாட்டு. தரையிலிருந்து உயர்த்திப் பலகை அடித்த ஆட்டுப் பரணில் இடைவெளிகளைக் கம்பி வலையால் மூடினால் நல்லது. யால பக்கத்து மாட்டுப் பட்டிகளில் கன்றுகளை இரவில் அடைக்க இரும்புக் கூடுகள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பட்டியைச் சுற்றிப் புதரை வெட்டுங்கள். நாயை வெளியே சங்கிலியில் கட்டிவிட்டுத் தூங்கினால் அது காவல் அல்ல, படையல்.

இந்த அறிவுரையைச் சொல்வது எனக்கும் சுலபம். ஆனால் நிலம் யாருடையது? தோட்டத் தொழிலாளி மாட்டுக்கொட்டில் போட்டிருக்கும் இடம் அவருடையது அல்ல. கம்பனி குத்தகைக்கு எடுத்த நிலம். 1992 இல் தோட்ட முகாமைத்துவம் தனியாரிடம் போனபோதும் லயத்தவர் கைக்குக் காணி உறுதி வரவில்லை. நிரந்தரக் கொட்டில் கட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே தகரமும் சாக்கும் கட்டி, காட்டோரத்தில் ஒதுக்கிவிட்ட இடத்தில் மாடு நிற்கிறது. புலிக்கு மேசை போட்டுக் கொடுத்தவர் மாட்டுக்காரர் மட்டும் அல்ல. தனி ஆளாக அனுமதி கேட்பதைவிட, பத்துப் பேர் கையெழுத்திட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒரே கடிதம் கொடுத்து, லயத்துக்கு அருகில் பொதுப் பட்டி ஒன்றுக்கு இடம் கேட்பது மேல். அதோடு அந்தப் பொலிஸ் முறைப்பாடுகளின் பிரதிகளையும் இணைத்துக் கொடுங்கள்.

மாட்டை ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் மேய விடுவது காடுகள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அங்கே போன மாட்டைச் சிறுத்தை அடித்தால் முறைப்பாடு செய்யப் போகிறவரே முதலில் மாட்டிக்கொள்வார்.

ஆளைத் தாக்கினால்

இது அரிது. மனிதரைத் தின்னப் பழகிய சிறுத்தை என்று இந்த நாட்டில் பேர்பெற்றது புணானையில் 1924 இல் சுடப்பட்டது ஒன்றுதான். கொழுந்து பறிக்கும்போது செடிக்குள் படுத்திருந்த சிறுத்தையைத் தெரியாமல் நெருங்கி, அது பாய்ந்து கீறிவிட்டு ஓடுவதுதான் நம் பக்கத்தில் நடப்பது. காயம் சிறிதென்று மஞ்சள் வைத்துக் கட்டிவிடாதீர்கள். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர் நாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்று அங்கே தீர்மானிப்பார்கள். அம்புலன்சுக்கு 1990.

வேலை நேரத்தில், வேலைத்தளத்தில் நடந்த காயம் என்றால் இன்னொரு சட்டமும் வந்து நிற்கிறது: 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்குத் தொழில் தருநர் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. குளவிக் கொட்டுக்கும் இதே கேள்வியை எழுப்பலாம், அது சிறுத்தையைவிட எத்தனையோ மடங்கு அதிகம் நம்மைத் தாக்குகிறது. அன்றைய தினமே தோட்ட அலுவலகத்தில் சம்பவத்தைப் பதியச் சொல்லுங்கள். எந்த மலையில், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது அதில் இருக்கட்டும். வைத்தியசாலைத் துண்டுகளை ஒன்றையும் எறியாமல் வைத்திருங்கள். வேலைக்கு வந்ததாக அன்று பெயர் விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.