பேரிடரா, பேரழிவா? ‘டிசாஸ்டர் திரில்லர்’ படும் பாடு

போன வாரம் ஒரு படத்துக்கான தமிழ்க் குறிப்பைப் படித்தேன். ‘ஒரு தம்பதிகளின் உறவு சோதிக்கப்படும் பேரழிவுத் திகில் திரைப்படம்.’ ஏழு சொற்களில் நான்கு பிழை. மற்ற மூன்றையும் அப்புறம் பார்க்கலாம். ஆங்கில ‘டிசாஸ்டர் திரில்லர்’தான் இங்கே ‘பேரழிவுத் திகில்’ ஆகியிருக்கிறது. ‘டிசாஸ்டர்’ என்றாலே வந்து விழும் இந்தப் ‘பேரழிவு’ என்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

‘டிசாஸ்டர்’ என்ற சொல் இத்தாலிய ‘டிசாஸ்ட்ரோ’வில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. ‘ஆஸ்ட்ரோ’ என்றால் விண்மீன். முன்னால் நிற்கும் ‘டிஸ்’ கெட்டது என்ற பொருளைத் தருகிறது. ஆக, கெட்ட நட்சத்திரம். ‘கிரகம் சரியில்லை’ என்று நாம் சொல்கிறோமே, ஏறக்குறைய அதுதான். அழிவு என்ற பொருள் அந்தச் சொல்லின் வேரில் எங்குமே இல்லை. ஒருவருக்கு வந்து சேரும் கேடு, அவ்வளவுதான்.

தமிழில் இதற்குச் சரியான சொல் பேரிடர். பேரழிவு அல்ல. இரண்டும் ஒன்றுதானே என்பவர்களோடுதான் என் வழக்கு. அழிவு என்பது முடிவு; எல்லாம் போன பிறகு சொல்வது. இடர் என்பது வருவது, ஒருவருக்கு நேர்வது. ஆள் நடமாட்டமே இல்லாத தீவில் எரிமலை வெடித்தால் காடு அழியும், பாறை உருகும். அங்கே அழிவு உண்டு. ஆனால் அதை யாரும் பேரிடர் என்று சொல்வதில்லை. இடர் என்றால் அதைப் படுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரே ‘இடுக்கண் அழியாமை’. துன்பம் வேறு, அதில் மனம் அழிந்துபோவது வேறு என்ற பிரிவினை அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. அதில் 624ஆம் குறள்:

மடுத்தவா யெல்லாம் பகடன்னான் உற்ற
இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து.

தடைப்படும் இடத்திலெல்லாம் விடாமல் இழுத்துச் செல்லும் எருதைப் போன்றவனிடம் வந்த துன்பம், தானே துன்பப்பட்டுப் போகும். இடருக்கு எதிரே ஒரு மனிதன் நிற்கிறான், இடரையே இடர்ப்படுத்துகிறான். இந்த வகைப் படங்களின் கதை முழுவதும் இதுதான். நிலநடுக்கமோ வெள்ளமோ முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிடும். மிச்சமுள்ள நேரமெல்லாம் அந்த இரண்டு பேர். ஏற்கெனவே பேச்சுவார்த்தை நின்றுபோன கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இருக்கும் ஒரு பாட்டில் தண்ணீரை யார் குடிப்பது, யார் முதலில் மேலே ஏறுவது என்று அங்கே முடிவுசெய்தாக வேண்டும். இதற்குப் ‘பேரழிவு’ என்று பெயர் வைத்தால், பிழைப்பார்களா என்று பதறிக்கொண்டு பார்க்க என்ன இருக்கிறது?

‘பேரிடர் என்றால் அரசாங்க அறிவிப்பு வாடை அடிக்கிறது’ என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005இல், இந்தியாவில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் பிறகு புயல் என்றாலும் மழை என்றாலும் செய்தியில் ‘பேரிடர் மீட்புப் படை’ என்று கேட்டுப் பழகிவிட்டோம். ஒரு சொல் எல்லார் காதிலும் விழுந்து, எல்லாருக்கும் புரிகிறது என்றால் அது அதன் பலம். அதே 2005இல் இலங்கையிலும் சட்டம் வந்தது. அங்கே ‘அனர்த்த முகாமைத்துவம்’ என்பார்கள். அனர்த்தம் வடசொல்தான். ஆனாலும் அது அழிவு என்று சொல்லவில்லை, கேடு என்றுதான் சொல்கிறது. தூய தமிழ் ‘பேரழிவை’விட அந்த வடசொல் பொருளுக்கு நெருக்கமாக இருக்கிறது. எனக்குத் தூய்மை பிடிக்கும். ஆனால் தெளிவுக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். பேரழிவுக்கும் அதற்கென்று இடம் இருக்கிறது. ‘பேரழிவு ஆயுதங்கள்’ என்கிறோம். அழிப்பதே அவற்றின் வேலை, அங்கே அது கச்சிதமான சொல்.

இனி திகில். ‘திரில்’ பழைய ஆங்கிலத்தில் துளைப்பதைக் குறித்தது. மூக்குத் துவாரத்தைச் சொல்லும் ‘நாஸ்ட்ரில்’ என்பதன் பின்பாதியும் அதே வேர்தான். உடலுக்குள் ஊடுருவிப் போகும் உணர்ச்சி. திகில் அப்படியல்ல, அது அச்சம். பேய்ப் படத்துக்குப் பொருந்தும். திரில்லருக்கு விறுவிறுப்பு இருக்கிறது. ‘விஷம் விறுவிறுவென்று ஏறியது’ என்கிறோமே, அந்த ஏற்றம் அதில் இருக்கிறது. ஆகவே ‘விறுவிறுப்பான பேரிடர்ப் படம்’. பேச்சில் ‘பேரிடர் திரில்லர்’ என்றாலும் எனக்குச் சம்மதமே.

தம்பதி என்றாலே இரண்டு பேர்தான். ‘ஒரு தம்பதிகள்’ என்று எழுதுபவர் எத்தனை பேரை நினைத்துக்கொண்டு எழுதுகிறார்? ‘சோதிக்கப்படும்’ என்பதும் தமிழ்நடை இல்லை. சோதனை நமக்கு வரும், நாம் சோதனைக்கு உள்ளாவோம். ‘பேரிடரில் சிக்கிய கணவன் மனைவிக்கு வரும் சோதனை’ என்று எழுதியிருந்தால் குழந்தைக்கும் புரிந்திருக்கும்.

இதற்கெல்லாம் காரணம், மொழிபெயர்ப்பவர் காட்சியைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்ப்பது. அந்தக் குறிப்பைப் படித்த அன்றே வேறொரு படம் பார்த்தேன். வெள்ளம் சூழ்ந்த வீடு, கூரைமேல் கணவனும் மனைவியும். விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் அவன் முகத்தைப் பார்க்காமலே ஏதோ சொல்கிறாள். திரையின் அடியில் ‘நாம் ஒரு பேரழிவு’ என்று எழுத்து ஓடுகிறது. ஆங்கிலத்தில் அவள் வாயில் வந்தது ‘டிசாஸ்டர்’தான். ஆனால் அந்த இடத்தில் பேரிடர் என்று போட்டாலும் தப்பு. அவள் வெள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை, அவர்களுடைய பத்து வருடத்தைப் பற்றிப் பேசுகிறாள். ‘நமக்குள்ள எதுவுமே சரியா வரலையே’ என்று எழுதியிருக்க வேண்டும்.