எண்ணெய் விடுவதற்கு முன்னால் உப்பைக் கழுவுங்கள்: கடலோர வீட்டு ஷட்டர் பற்றி

நீலாங்கரையில் கடலிலிருந்து இரண்டாவது தெருவில் ஒரு வீடு. கார் ஷெட்டுக்கு ஷட்டர் போட்டு ஏழு வருடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் தூக்க முடியவில்லை என்று அந்த வீட்டு அம்மா கூப்பிட்டிருந்தார். "மாசம் தவறாம எண்ணெய் விடுறேன் தம்பி, அப்படியும் எப்படி இழுக்குது பாருங்க" என்று ஒரு பழைய தண்ணீர் பாட்டிலைக் காட்டினார். உள்ளே மெக்கானிக் ஷெட்டிலிருந்து வாங்கி வந்த கழிவு ஆயில், கன்னங்கரேலென்று. ஷட்டரின் இரண்டு ஓரமும் ஏறி இறங்குகிற பள்ளமான கைடு சேனலுக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு இழுப்பு இழுத்தேன், தார் மாதிரி ஒரு பசை சுருண்டு வந்தது. அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நறநற என்கிறது. எல்லாம் கடற்கரை மணல். எண்ணெய் அந்த மணலைப் பிடித்து வைத்துக்கொள்ள, ஒவ்வொரு தடவை ஷட்டர் ஏறி இறங்கும்போதும் ஷட்டரின் தகட்டுப் பட்டைகளின் ஓரத்தை அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்திருக்கிறது. ஓரங்களில் துத்தநாகப் பூச்சு சுத்தமாகப் போய், இரும்பு சிவந்து கிடந்தது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பராமரிக்கவே இல்லை என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது, மாதாமாதம் மெனக்கெட்டிருக்கிறார். வரிசைதான் தப்பு. திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், பெசன்ட் நகர், சாந்தோம் பக்கமெல்லாம் நான் பார்க்கிற பத்து ஷட்டரில் பாதிக்கு மேல் இதே கதைதான், எண்ணெய் குறைந்து கெட்டதில்லை, உப்பையும் மணலையும் கழுவாமல் அதன் மேலேயே எண்ணெய் விட்டுக் கெட்டது.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் அடிக்கிற கடல்காற்று கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளைக் கொண்டுவந்து ஷட்டர் மேல் பூசிவிட்டுப் போகிறது. சாப்பாட்டு உப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருக்கிற தண்ணீரைத் தானே இழுத்துக் கரைந்துவிடும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிய ஆரம்பிக்கும். சென்னையில் விடிகாலை ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் இந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஆக, ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் உங்கள் ஷட்டர் இரவெல்லாம் உப்புத் தண்ணீரில்தான் நிற்கிறது. பட்டைக்குப் பட்டை கோத்திருக்கிற மடிப்புக்குள் போன ஈரம் பகலிலும் காய்வதில்லை. துருவானது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால் அந்த மடிப்பு உள்ளுக்குள்ளேயே இறுகி, சுழல வேண்டிய பட்டை சுழலாமல் மடங்கப் பார்க்கும். ஷட்டர் 'கடகட' சத்தத்தை விட்டு 'கிறீச்' என்று கத்தத் தொடங்கினால் அர்த்தம் இதுதான்.

இன்னொரு விஷயம், இதை எத்தனை வீட்டில் சொன்னாலும் தீரவில்லை. கார் ஷெட் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். டைல்ஸ் பளிச்சென்று ஆகும், சரி. ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதிலிருந்து கிளம்புகிற புகை மூடின ஷெட்டுக்குள் போக வழியில்லாமல் ஷட்டரின் உள்பக்கத்தில்தான் படியும். வெளிப்பக்கம் பெயின்ட் புதுசு மாதிரி இருக்க, உள்பக்கம் மட்டும் முழங்கால் உயரத்துக்குத் துரு ஏறியிருந்தால் நான் முதலில் கேட்பது ஆசிட் பாட்டில் எங்கே என்றுதான். கழுவாவிட்டாலும், மூடி சரியில்லாத ஆசிட் கேனையோ பிளீச்சிங் பவுடர் மூட்டையையோ ஷெட் மூலையில் வைத்திருந்தாலே போதும், அதே கேடு.

சரி, கழுவுவது எப்படி? முதலில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். கடலோரத்தில் பல வீட்டு போர் தண்ணீர் உப்புக்கரிக்கிறது, அதால் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் பூசின கதை. மெட்ரோ தண்ணீர், மழைத்தண்ணீர், இரண்டும் இல்லையா, ஏசி வெளியே சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கின தண்ணீர், உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. ஒரு ஷட்டருக்கு நாலு பக்கெட் போதும். ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, கொஞ்சம் ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் மேலிருந்து கீழாக, மடிப்புகளின் வழியே இழுத்துத் துடையுங்கள், அப்புறம் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். பிரஷர் பம்ப் வேண்டாம், அது அழுக்கை மடிப்புக்குள்ளேயே தள்ளிவிடும். கைடு சேனலுக்குள் பழைய டூத் பிரஷ், அடியில் மண் கட்டியிருந்தால் ஸ்க்ரூடிரைவர். பழைய ஆயில் பசை இருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால்தான் போகும், அந்தத் துணியை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், பக்கத்தில் நெருப்பும் ஆகாது.

எல்லாவற்றையும்விடக் கீழே இருக்கிற பாட்டம் பிளேட்டைப் பாருங்கள். தரையைத் தொட்டுக்கொண்டு நிற்பது அதுதான், தண்ணீர் தேங்குவதும் அங்கேதான், எந்த ஷட்டரும் முதலில் அங்கிருந்துதான் அரிக்கும். வாசலில் தண்ணீர் ஷட்டர் பக்கம் வாட்டமாக ஓடினால் நீங்கள் எத்தனை பெயின்ட் அடித்தாலும் நிற்காது, கொத்தனாரைக் கூப்பிட்டு வாட்டத்தை மாற்றுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சேற்றுத் தண்ணீரில் நின்ற ஷட்டர்களில், தண்ணீர் வடிந்த கையோடு சேற்றைக் கழுவினவர்களுடையது பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. காயட்டும் பார்க்கலாம் என்று விட்டவர்கள் வீட்டில் கீழ்ப் பட்டைகளை மாற்ற வேண்டி வந்தது.

கழுவினபின் அரை நாள் வெயிலில் காய வேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணெய், அதுவும் எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணெய் இல்லை. கைடு சேனலுக்குள் கிரீஸோ ஆயிலோ வேண்டவே வேண்டாம். அங்கே சிலிக்கோன் ஸ்பிரே, இல்லாவிட்டால் சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியை உள்விளிம்பில் தேய்த்துவிடுங்கள், வழுக்கவும் செய்யும், மணலையும் அவ்வளவாகப் பிடிக்காது. பட்டைகளின் மடிப்புக்கும் அதே சிலிக்கோன் ஸ்பிரே, மெல்லிசாக, அடித்துவிட்டு ஷட்டரை நாலைந்து தடவை ஏற்றி இறக்கி, வழிவதைத் துடைத்துவிட வேண்டும். மேலே ஷட்டர் சுருண்டு ஏறுகிற பைப்பின் இரண்டு முனையிலும் பேரிங் இருக்கிறது, அங்கேதான் கிரீஸ், லித்தியம் கிரீஸ் எந்த ஆட்டோமொபைல் கடையிலும் கிடைக்கும். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய, கொஞ்ச நாளில் அது பிசினாகி சாவியே நுழையாது. பென்சில் கரியைப் பொடி பண்ணி ஊதிவிட்டாலே பூட்டு நன்றாகச் சுழலும்.

டபிள்யூடி-40 அடித்தால் போதாதா என்று கேட்கிறார்கள். 1953-ல் அமெரிக்காவில் தண்ணீரை விரட்டுவதற்கென்றே செய்தது அது, பெயரிலேயே அந்த அர்த்தம்தான் இருக்கிறது, நாற்பதாவது முயற்சியில் கிடைத்ததால் 40. இறுகின பட்டையை இளக்க அதைத்தான் நானும் பையில் வைத்திருக்கிறேன். ஆனால் அது விட்டுவைக்கிற படலம் ரொம்ப மெல்லிசு, நம் கடல்காற்றுக்குச் சீக்கிரம் போய்விடும். அதை அடித்து இளக்கித் துடைத்தபின் சரியான எண்ணெயோ கிரீஸோ போட வேண்டும், அதோடு நிறுத்தக் கூடாது.

கடலிலிருந்து முதல் இரண்டு மூன்று தெருவில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறை கழுவினால் நல்லது, எண்ணெய் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. தள்ளி இருப்பவர்களுக்கு இதில் பாதி போதும். நாள் நினைவில் நிற்காது என்பவர்களுக்கு நான் சொல்வது ஆயுத பூஜை. எப்படியும் அன்றைக்கு வண்டியைக் கழுவுகிறோம், ஷட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், வடகிழக்குப் பருவமழையும் அதையொட்டித்தான் தொடங்குகிறது. பூஜைக்கு இரண்டு நாள் முன்னாலேயே கழுவி, காய்ந்து, பெயின்ட் உரிந்த இடத்தைத் தேய்த்து, துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துவிட்டால் மழைக்கு ஷட்டர் தயார். பொங்கல் முடிந்து ஒரு தடவை.

மோட்டார் ஷட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இழுக்கிறதே மோட்டார்தானே என்று ஷட்டர் இறுகியது தெரியாமலே போய்விடுகிறது, ஒரு நாள் மோட்டார் கருகின பிறகுதான் தெரியும். மாதம் ஒரு முறை கைச்சங்கிலியால் ஏற்றிப் பாருங்கள், எங்கே இழுக்கிறது என்று கையே சொல்லிவிடும். மழை நாளில் ஷட்டரைத் தொடும்போது லேசாகச் சுரீர் என்றால் அதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எர்த்தும், மின்கசிவு வந்தால் கரென்ட்டைத் தானே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாத மோட்டார் ஷட்டர் ஈரத்தில் ஆளைக் கொல்லும்.

கையால் தூக்குகிற ஷட்டரில் பயப்பட வேண்டியது ஸ்பிரிங்குக்குத்தான். பைப்போடு சேர்ந்த வட்டப் பெட்டிகளுக்குள் பழைய சாவிக் கடிகாரத்தில் இருக்கிற மாதிரி தட்டையான எஃகுச் சுருள் முறுக்கேறி உட்கார்ந்திருக்கும், ஷட்டரின் பாரத்தை உங்களுக்குப் பதிலாகச் சுமப்பது அதுதான். அதில் ஊசிமுனை அளவு துருக்குழி விழுந்தால் போதும், விரிசல் அங்கிருந்து தொடங்கும். அந்தப் பெட்டியை நீங்கள் கழற்றவே கூடாது, முறுக்கு அவிழ்ந்து அடித்தால் கை எலும்பு உடையும். ஆனால் சோதித்துப் பார்க்கலாம். ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, அடியில் காலோ கையோ இல்லாமல் ஒதுங்கி நின்று, பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். அப்படியே நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்து ஏறினாலோ, நேற்றுவரை ஒரு கையால் தூக்கினது இன்றைக்கு இரண்டு கை கேட்டாலோ, பிடியை விட்டதும் விறுவிறுவென்று இறங்கினாலோ, மெதுவாக இறக்கித் தரையில் விட்டுவிடுங்கள். ஆள் வந்து பார்க்கும்வரை அதைத் திறக்க வேண்டாம், கீழே குனிந்து காரை எடுக்க வேண்டாம், பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.