குலைநோய்க்கு எப்போது மருந்து அடிப்பது? இலையின் மேற்பரப்பைக் கேளுங்கள்

"மருந்து அடிச்சேன், நோய் கேட்கவே இல்லை." பயிர் பாதுகாப்பு ஆலோசனைக்காக ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கம் போகும்போது சம்பா, தாளடி நெல் பருவங்களில் நான் அதிகம் கேட்கும் புகார் இது. பெரும்பாலும் மருந்தில் கோளாறு இருக்காது. குலைநோயை உண்டாக்கும் பூசணம் இலைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு அடித்திருப்பார்கள்.

நெல் இலையின் மேல் மெழுகுப் படலமும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புடைப்புகளும் உண்டு. அதனால்தான் தண்ணீர் அதில் பரவாமல் உருண்டு விழுகிறது. பார்த்தால் பயிருக்குப் பாதுகாப்பு மாதிரிதான் தோன்றும். ஆனால் குலைநோய்ப் பூசணம் இந்தப் பரப்பை அடையாளம் கண்டுதான் வேலையையே ஆரம்பிக்கிறது.

பூசணம் பரவுவது வித்து என்ற நுண்ணிய துகளால். இலையில் விழுந்த வித்தின் மேல் பனி ஈரம் பட்டதும் அதன் நுனியிலிருந்து ஒரு பசை வெளிவருகிறது. எதுவும் ஒட்டாத டெஃப்லானில்கூட அது ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வித்து முளைத்துச் சின்னக் குழாய் விடும். கீழே இருப்பது கெட்டியான, தண்ணீர் ஒட்டாத பரப்பு என்று அந்தக் குழாய் உணர்ந்துகொண்டால், அதன் நுனி உப்பி, இலையைத் துளைக்கும் உறுப்பாக மாறிவிடும். தண்ணீரை ஈர்க்கும் பரப்பில் வைத்தால் அதே வித்து முளைக்கும், ஆனால் துளைக்கும் உறுப்பு பெரும்பாலும் உருவாகாது. தண்ணீர் ஒட்டாத பிளாஸ்டிக் தாளில் வைத்தாலோ, இலை என்றே நம்பி அதை உருவாக்கிவிடும்!

அந்த உறுப்புக்குள் ஏறும் அழுத்தம் சுமார் 80 வளிமண்டலம் வரை போகும். கார் டயரில் இருப்பதைவிட 30 மடங்குக்கு மேல். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க அதன் சுவரில் மெலனின் என்ற கருநிறப் படலம் வேண்டும். நாம் அடிக்கும் டிரைசைக்ளசோல் என்ற பூசணக்கொல்லி தடுப்பது இந்த மெலனினைத்தான். மெலனின் இல்லாவிட்டால் அழுத்தம் ஏறாது, துளையும் விழாது. ஆனால் ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பூசணத்தை இந்த மருந்து கொல்லாது. வித்து விழுந்து ஒரு நாளுக்குள் நுழைவு முடிந்துவிடும். நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு என்று கண் வடிவப் புள்ளி தெரிவதோ அதற்குப் பல நாள் கழித்து. வயல் முழுக்கப் புள்ளி வரட்டும் என்று காத்திருப்பது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. இரவு குளிர்ந்து, காலை 8, 9 மணி வரை இலை ஈரமாக இருக்கும் நாட்களில் தினமும் வயலைப் பாருங்கள். குலைநோய் எளிதில் தாக்கும் ஆந்திரா பொன்னி ரகத்தைப் போட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் சில புள்ளிகள் தெரிந்ததுமே அடித்துவிடுங்கள். அது மற்ற இலைகளைக் காப்பாற்றும்.

அடிக்கும் மருந்துக்கும் இதே மெழுகுதான் தடை. வெறும் தண்ணீரில் கலந்தால் துளிகள் உருண்டு சேற்றில் விழும். அதனால் ஒட்டும் திரவம் அவசியம். சிலர் ஷாம்பு பாக்கெட்டை உடைத்து ஊற்றுகிறார்கள். அளவு தெரியாமல் அது கூடினால் கரைசல் மொத்தமாக வழிந்துவிடும். கலந்த கரைசலில் ஒரு சொட்டை இலையில் விட்டுப் பாருங்கள்: உருண்டால் போதவில்லை, நுனி வரை ஓடி வடிந்தால் அதிகம், பரவி அப்படியே நின்றால் சரி.

இலையின் மேற்பரப்பையே பலப்படுத்துவதும் நம் கையில் இருக்கிறது. நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை எடுத்து மெழுகுக்கு அடியில் ஒரு அடுக்காகச் சேர்க்கிறது. அந்த அடுக்கு தடிமனாக இருந்தால் பூசணம் துளைக்கத் திணறும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கரும்பச்சையாகத் தழைக்கும், நோய்க்கும் எளிதில் இடம் கொடுக்கும். இப்போது டெல்டாவில் அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கட்டுக்கட்டாகச் சுருட்டி விற்றுவிடுகிறோம். அதோடு அந்த சிலிக்காவும் வயலைவிட்டுப் போகிறது. ஒரு பங்கு வைக்கோலையாவது மடக்கி உழுங்கள், உமிச் சாம்பல் கிடைத்தால் வயலில் போடுங்கள். விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை தரும் பாக்டீரியா) கலந்து விதை நேர்த்தி செய்வதையும் விட்டுவிடாதீர்கள்.

இலையில் தப்பித்த பயிருக்கும், கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக் குலைநோய் வரலாம். வந்தால் கதிர் மணி பிடிக்காமல் கருக்காயாகிவிடும். பயிர் பொதி கட்டி (கதிர் இலையுறைக்குள் திரண்டு), கதிர் எட்டிப் பார்க்கும்போதே மருந்து அடித்திருக்க வேண்டும். கழுத்து கறுத்த பிறகு அடிப்பது வீண் செலவு. அந்தக் கதிரில் பால் ஏறாது.