ரேடியோ டெலிஸ்விட்ச்: வானலை ஆளி

பிரித்தானியாவில் எரிவாயு இணைப்பில்லாமல் மின்சாரத்தாலேயே சூடேற்றும் வீடுகள் பலவற்றில், மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி தனியாக இருக்கும். சில வீடுகளில் அது மீட்டருக்குள்ளேயே அடங்கியிருக்கும். வானலையில் வரும் கட்டளைப்படி சூடேற்றியைப் போட்டு அணைக்கும் அந்தப் பெட்டியின் பெயர்தான் ரேடியோ டெலிஸ்விட்ச். அதை மாற்றச் சொல்லி மின்வழங்குநரின் கடிதம் வந்தால், "மீட்டர் ஒழுங்காத்தானே ஓடுது, பிறகேன் மாத்த வேணும்?" என்ற கேள்வி எழுவது இயல்பு. பெயரைப் பிரித்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

மீட்டர் என்பது அளவைக் குறிக்கும் 'மெட்ரான்' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. தமிழில் மானி என்கிறோம்: வெப்பமானி, மின்மானி. அதன் வேலை எண்ணுவது மட்டும். ஸ்விட்ச் வேறு குலம். ஆங்கிலத்தில் அது முதலில் குதிரையைத் தட்டும் மெல்லிய கம்பைக் குறித்தது. பிறகு ரயில் பாதையை மாற்றும் நகரும் தண்டவாளத்துக்கு வந்து, கடைசியில் மின்சாரத்துக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் இதைச் சாவி, நிலைமாற்றி என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஈழத்துப் பாடநூல்களில் ஆளி. 'ஆள்' என்ற வினையடியில் பிறந்த இந்தச் சொல்லே எனக்கு உகந்ததாகப் படுகிறது. மின்னோட்டத்தை ஆள்வதுதானே அதன் வேலை.

'டெலி' என்றால் கிரேக்கத்தில் தொலைவு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வானொலித் தொலையாளி' என்று வரும். இரண்டு குறைகள் அதில் உண்டு. தொழிலாளி, கடனாளி போல யாரோ ஒரு ஆள் என்று தோன்றிவிடும். வானொலி என்றதும் கேட்கும் ஒலி நினைவுக்கு வரும். இங்கே காதுக்கு எட்டும் ஒலியே இல்லை, அலை மட்டும்தான். வானலை என்றாலே தொலைவும் அதில் அடங்கிவிடுகிறது. எனவே வானலை ஆளி என்பதே பொருத்தம்.

1980களில் இந்த ஏற்பாடு வந்தது. பிபிசி ரேடியோ 4-இன் 198 கிலோஹெர்ட்ஸ் நெட்டலையில் (லோங் வேவ்), நிகழ்ச்சியைக் கெடுக்காமல் கட்டளைகளையும் ஏற்றி அனுப்பினார்கள். இங்கிலாந்தின் ட்ராய்ட்விச்சிலிருந்தும் ஸ்கொட்லாந்தின் இரண்டு கோபுரங்களிலிருந்தும் அலை போனது. கட்டளை கிடைத்ததும் பெட்டி இரண்டு காரியம் செய்யும்: மானியை மலிவுக் கட்டணத்துக்குத் திருப்பும், சூடேற்றிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் போகும் தனிச் சுற்றை இயக்கும். இரவில் செங்கல்லுக்குள் சூட்டைச் சேர்த்துப் பகலில் விடும் ஹீட்டர்கள் இதை நம்பியே ஓடின.

ஒலிபரப்புக் கருவிகள் பழுதுபார்க்க முடியாத அளவுக்குப் பழசாகிவிட்டதால், 2025 ஜூன் 30-க்குப் பிறகு இச்சேவையைப் பகுதி பகுதியாக நிறுத்தத் தொடங்கினார்கள். அலை நின்றாலும் மானி எண்ணிக்கொண்டே இருக்கும். ஆளிக்குத்தான் கட்டளை வராது. சூடேற்றி ஓயாமல் எரியலாம், அடியோடு அணைந்து போகலாம், விலை கூடிய நேரத்தில் ஏறவும் செய்யலாம். முதியவர் தனியாக இருக்கும் வீட்டில், மார்கழிக் குளிரில் இது உயிர்ப்பிரச்சினை. கடிதத்தை ஒதுக்கி வைக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

மாற்றுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. பதிலுக்கு ஸ்மார்ட் மீட்டர் வரும். நேரம் பதியும்போதே, சூடேற்றிக்குத் தனிச் சுற்று இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அதற்கென்று கூடுதல் இணைப்புமுனை உள்ள மீட்டர் தேவைப்படலாம். சாதாரண மீட்டரோடு வருபவர் வேலையை முடிக்காமலே திரும்ப நேரும். புதிய கட்டணத் திட்டத்தில் மலிவு நேரம் எப்போது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதியவர், கைக்குழந்தை, நீண்டகால நோயாளி இருக்கும் வீடு என்றால் மின்வழங்குநரின் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் (Priority Services Register) பெயர் சேர்க்கலாம், அதுவும் இலவசம். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் அம்மா அப்பாவுக்காகப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பேசிக் கொடுங்கள். முறையிட்டு 8 வாரமாகியும் தீரவில்லை என்றால் முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் எரிசக்தி ஒம்புட்ஸ்மனிடம் (Energy Ombudsman) போகலாம்.

பொருத்திய அன்றிரவு ஹீட்டர் சூடேறுகிறதா, வெந்நீர் வருகிறதா என்று மறுநாள் காலையில் தொட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.