அரிமானம்

உலோகம் சுற்றியுள்ள பொருளோடு வினைபுரிந்து மெல்ல அரிபடுவதே கரோஷன். அதற்குத் தமிழில் அரிமானம். லத்தீனில் 'ரோடெரே' என்றால் கொறித்தல். கரோஷன் அந்த வேரில் பிறந்தது. கறையான் மரத்தை அரிக்கிறது என்கிறோமே, அந்த 'அரி'யோடு தேய்மானம், செரிமானம் போல 'மானம்' சேர்ந்தால் அரிமானம். இதைத் துரு என்று எழுதுவது பிழை. துரு இரும்புக்கே உரியது. பல்லுக்கு கேப், பிரிட்ஜ் வார்க்கும் நிக்கல்-குரோமியமோ கோபால்ட்-குரோமியமோ துருப்பிடிப்பதில்லை. மேலே உள்ள குரோமியம் ஆக்சைடு படலம் காக்கிறது. படலம் பழுதானால் பளபளப்பு குறையாமலே உலோக அயனிகள் (மின்னூட்டம் கொண்ட நுண்துகள்கள்) எச்சிலில் இறங்கும். கண்ணால் பார்த்து நல்ல உலோகம் என்று சொல்லவே கூடாது, அளக்க வேண்டும்.

அளக்கும் முறை ஐஎஸ்ஓ 10271 என்ற சர்வதேசத் தர ஆவணத்தில் இருக்கிறது. சோடியம் குளோரைடு 5.85 கிராம், 90% லாக்டிக் அமிலம் 10 கிராம் இரண்டையும் நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2.3 வரும். வாய் எப்போதும் இவ்வளவு புளிப்பாக இருப்பதில்லை. வேண்டுமென்றே கடுமையாக வைத்த சோதனை இது. வார்த்த துண்டின் மேல்தோலை 0.1 மி.மீ. அளவுக்குத் தேய்த்து எடுத்து, உப்புத்தாளில் மெருகேற்றி, 37 டிகிரியில் 7 நாள் மூழ்கவிட வேண்டும். பிறகு கரைசலில் எந்த உலோகம் எவ்வளவு என்று தனித்தனியே பார்ப்பார்கள். பல் உலோகங்களுக்கான ஐஎஸ்ஓ 22674-இன்படி, கரைந்த உலோகம் மொத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

முடிவு பிசகுவது பெரும்பாலும் துண்டைத் தயாரிப்பதில்தான். வார்ப்பில் நுண்துளை இருந்தாலோ, துண்டு கண்ணாடிச் சுவரில் அப்பிக்கொண்டாலோ, அந்த இடுக்கில் ஆக்சிஜன் குறைந்து படலம் உடைந்து அரிமானம் கூடிவிடும். மூடி தளர்ந்தால் நீர் ஆவியாகிக் கரைசல் செறிவேறும்.

மொத்த அளவு குறைவு என்பதாலேயே உடலுக்கு ஏற்றது என்றாகிவிடாது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்குச் சிறு கசிவே போதும், உலோகத்தில் நிக்கல் 0.1%-க்கு மேலிருந்தால் அதன் உறையில் குறிப்பிட்டாக வேண்டும். பெரிலியம், காட்மியம், ஈயம் ஒவ்வொன்றும் 0.02%-க்கு மேல் கூடாது. உயிரிணக்கத்தை, அதாவது உடலுக்கு ஏற்றதா என்பதை, தனியே பார்க்க வேண்டும்: ஐஎஸ்ஓ 10993-5-இன்படி உலோகத்தை ஊறவைத்து எடுத்த சாற்றில் எல்929 என்ற எலிச் செல்களை வளர்த்து, உயிர்ப்பு (சாறு படாத செல்களோடு ஒப்பிட்டால்) 70%-க்குக் கீழே இறங்கினால் நச்சுள்ளதாகக் கொள்வார்கள்.